கட்டுமரத்தில் முதற்பாடம்

சூலூர்ப் பெரிய குளத்தில் நீந்தப் பழகிய எனக்குக் கடலும் ஒரு பெரிய குளமே என்ற எண்ணம் இருந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்று வந்த 1982-இல், சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் ஒரு முதிய மீனவரை அணுகி, மீன் பிடிக்கக் கற்றுத் தருமாறு வேண்டினேன். தூண்டிலைத் தருவார் என்று பார்த்தால், "தம்பி, முதல்ல விழுந்து ஏறிப் பழகு" என்றார்.

மார்பளவு நீரில் கட்டுமரம் என்னைக் கவிழ்த்தது. உப்புநீரைக் குடித்தேன், துடுப்பு கைநழுவிற்று. அச்சத்தால் மரத்தை விட்டுக் கரைநோக்கி நீந்தினேன். அலை என்னைப் புரட்டியது. அவர்தாம் இழுத்துக் காத்தார். "எது போனாலும் மரத்தை விடாதே" என்று கடிந்துகொண்டார்.

காரணம் எளிது. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்த அதற்குப் படகைப்போல் வயிறு இல்லை, ஏறிய நீர் இடுக்குவழியே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. இன்று கடலில் மீன் பிடிக்க உதவும், மேலமர்ந்து செலுத்தும் கயாக்கிலும் நீர் வடியத் துளைகள் உண்டு. (கட்டுமரமே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று, பொருள்தான் இரட்டை உடற்படகு என மாறிவிட்டது.) கயாக்கில் புறப்படுவோர் மிதவைச் சட்டை அணிந்து, கரையோரத்தில் கவிழ்ந்து ஏறிப் பழகுதல் வேண்டும்.

காற்றையும் அவரே கற்பித்தார். விடியுமுன் நிலக்காற்று கடலுக்குள் செலுத்தும். பிற்பகலில் கடற்காற்று கரை சேர்க்கும்.

ஏழாம் முறை தனியே ஏறி அமர்ந்தேன். தூண்டிலைக் கேட்டேன். நாளைக்கு வரச் சொன்னார்.