பாக்கெட்டின் நிறம்



மளிகைக் கடையில் தொங்கும் மிக்சர் பாக்கெட்டைப் பாருங்கள். முன்பக்கத்தில் பச்சைச் சதுரம், அதற்குள் ஒரு பச்சைப் புள்ளி. சைவம் என்பதைத் தவிர அந்தப் புள்ளி வேறெதுவும் சொல்லவில்லை. எண்ணெய், உப்பு, சர்க்கரை பற்றி அதற்குப் பேச்சே கிடையாது. இருந்தாலும் பச்சையைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் சமாதானமாகிவிடுகிறது.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் ஷுல்ட் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்களில் சிலருக்குக் கலோரி அளவைப் பச்சைப் பட்டையில் அச்சிட்ட மிட்டாய், சிலருக்குச் சிவப்புப் பட்டை போட்ட மிட்டாய். எண் இரண்டிலும் ஒன்றுதான். பச்சையைப் பார்த்தவர்கள் உடம்புக்கு அவ்வளவு கெடுதல் இல்லை என்ற பக்கம் சாய்ந்தார்கள். அடுத்த சோதனையில் பச்சையும் வெள்ளையும். அதில் நிறத்துக்கு மயங்கியவர்கள் யார் தெரியுமா? நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று அக்கறைப்படுகிறவர்கள்!

சரி, பாக்கெட்டைத் திருப்புவோம். பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. உப்பு என்ற சொல்லே அதில் இருக்காது, சோடியம் என்றிருக்கும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்திலேயே, ஒரு வேளைக்கு 20 கிராம், அன்றாடத் தேவையில் 8 சதவீதம் என்று இன்னொரு கணக்கு ஓடும். கணக்கு சரிதான். ஆனால் மாட்ச் பார்த்துக்கொண்டே கொறிக்கிற யார் 20 கிராமோடு கையை எடுக்கிறார்கள்?

இந்தக் கணக்கை வாங்குகிறவர் தலையில் கட்டாமல் முன்பக்கத்திலேயே சொன்ன நாடுகள் உண்டு. இலங்கை 2016இல் குளிர்பானங்களுக்கு நிறக் குறியீடு கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை, நடுவில் மஞ்சள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த மஞ்சள் ரொம்பவே அகலம். 10 கிராம் உள்ள பானமும் மஞ்சள், 3 கிராம் உள்ளதும் மஞ்சள். முதல் பானத்தில் கால் லிட்டர் குடித்தால் 25 கிராம் சர்க்கரை உள்ளே போயிருக்கும்.

சிலி நாடு அதே 2016இல் பச்சையே வேண்டாம் என்று முடிவு செய்தது. சர்க்கரை, சோடியம், நிறைகொழுப்பு, கலோரி, இவற்றில் எது வரம்பு மீறினாலும் அதற்கொரு கறுப்பு எண்கோணம். நாலும் மீறினால் நாலு முத்திரை. முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக் கூடாது, குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரமும் செய்யக் கூடாது.

நம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் முன்பக்கக் குறியீட்டுக்காக 2022இல் வெளியிட்ட வரைவில் இருந்தது நட்சத்திரம். அரையிலிருந்து ஐந்து வரை. உப்புக்கும் சர்க்கரைக்கும் மதிப்பெண் குறையும். பருப்பு, கொட்டை, நார்ச்சத்து இருந்தால் கூடும். கூட்டிக் கழித்து வருவதுதான் நட்சத்திரம். மிக்சரில் வேர்க்கடலை கிடக்கிறது என்பதற்காக அதிலுள்ள உப்பு குறைந்துவிடுமா என்ன? எனக்கென்னவோ சிலியின் கறுப்பு முத்திரையே தேவலை என்று படுகிறது.