மைக் யார் கையில்?



பட்டம் பெற்று இந்த அரங்கிலிருந்து வெளியேறும் பலர் நாளை ஆசிரியராகவோ, அதிகாரியாகவோ, மகளிர் குழு ஒருங்கிணைப்பாளராகவோ ஒரு பயிலரங்கை நடத்தவேண்டி வரும். நம்மூர்ப் பயிலரங்கின் இலக்கணம் தெரிந்ததுதான்: குத்துவிளக்கு, பொன்னாடை, நீண்ட பவர்பாயின்ட், வடை, டீ. கடைசி ஐந்து நிமிடத்தில் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" யாரும் வாய் திறப்பதில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் வேறு விதமாக நடந்தது: புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தவரே ஊர்க்காரர்களிடம் கேட்கவேண்டியிருந்தது. கட்டுமரத்துக்கான மரம் அரிதாகிவந்த காலம். 1980-களின் தொடக்கத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே அங்கே ஒட்டுப்பலகையில் படகு கட்டும் வேலையில் இறங்கினார். காகிதத்தில் மிதக்கும் படகு இந்தக் கரைக்கு உதவாது. அலையை உடைத்துக்கொண்டு இறங்கவேண்டும்; மீனோடு திரும்பி மணலில் ஏறவேண்டும்; கவிழ்ந்தாலும் மூழ்கக்கூடாது. கட்டுமரம் இத்தனையையும் தலைமுறைகளாகச் செய்துகாட்டியிருந்தது. ஆகவே புதுப் படகுக்கு மதிப்பெண் போடவேண்டியவர் மீனவர்தான், பொறியாளர் அல்ல. நாகர்கோவிலில் உள்ள கோட்டாற்றின் பெயரைச் சுமந்த 'கோட்டார்கட்' அந்த முயற்சிகளில் ஒன்று. 1985-இல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக்கிய ஜில்லே அதற்கு இட்ட பெயர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' (சிறியது கடினம்). 'சிறியது அழகு' என்று எழுதிய பொருளியலாளர் சூமாக்கரைவிட, மணலில் நின்று வேலை பார்த்தவரை இந்த விஷயத்தில் கூடுதலாக நம்பலாம்.

பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 1963-இல் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் குழு சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்ததும் இப்படித்தான், கற்பவர்களின் பேச்சிலிருந்து தொடங்கி. அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்களே பாடமாயின.

பேசவிடுவது என்றால் நடத்துபவர் கைகட்டி உட்கார்ந்திருப்பதல்ல. விட்டால் ஊர்க் கமிட்டித் தலைவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார். மீன் விற்கும் பெண்கள் பின்வரிசையிலேயே இருந்துவிட்டுப் போவார்கள். சிறு குழுக்களாகப் பிரிக்கவேண்டும், பெண்களைத் தனியே கேட்கவேண்டும். சளசளப்பு இருக்கும், இருக்கட்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, குமரி மாவட்டத்தின் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பலவும் எச்சரிக்கை வருமுன்பே வெகுதூரம் போயிருந்தன. அந்த ஊர்களில் புயல் பற்றிப் பயிலரங்கு நடத்தப்போகிறவர், காற்றின் வேகத்தை விளக்குமுன் ஒரு சாக்கட்டியை அவர்களிடம் கொடுத்துத் தரையில் கடலை வரையச் சொல்லலாம். கடலடிப் பார் எங்கே, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், வயர்லெஸ் எதுவரை எட்டும், எத்தனை நாள் கழித்துக் கரை திரும்புவார்கள்? இதற்கே ஒரு மணி நேரம் போகும். கொண்டுபோன ஸ்லைடுகளில் பாதி தேவைப்படாது. மீதியில் எது வேண்டுமென்று அவர்களே கேட்பார்கள்.