மீதி அறுநூறு சுற்று



புதுத் தொழில்களில் பணம் போடுவது என் பிழைப்பு. இப்படி ஒருவனை இந்தப் பட்டமளிப்பு மேடைக்கு ஏன் அழைத்தார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பேட்டரியில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் அதைப் பற்றியே பேசுகிறேன்.

1970களின் எண்ணெய் நெருக்கடியில் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனமே பேட்டரி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரியை ஸ்டான்லி விட்டிங்ஹாம் அங்கேதான் உருவாக்கினார். எண்ணெய் விலை இறங்கியதும் நிறுவனம் கைகழுவிவிட்டது. 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் பேட்டரியின் நேர்முனைக்குக் கோபால்ட் ஆக்சைடு ஏற்றது என்று கண்டு சொன்னார். பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை எடுக்கவே இல்லை. ஜப்பானில் அகிரா யோஷினோ அதை உருப்படியாக்க, 1991இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் பரிசு 2019இல். குட்இனஃபுக்கு அப்போது வயது 97!

ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர் நம்மவர், ஆறுமுகம் மந்திரம். மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐஐடியில் முனைவரானவர். வெறும் ஆக்சைடுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற தொகுதிகளை வைத்தால் மலிவான இரும்பிலிருந்தே நல்ல மின்னழுத்தம் எடுக்கலாம் என்று 1980களின் பிற்பகுதியில் குட்இனஃபோடு சேர்ந்து காட்டியவர். அந்த வழியில் 1997இல் வந்ததுதான் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இன்று மின்பேருந்திலும் சூரியமின் நிலையத்திலும் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆய்வகத்திலிருந்து கடைக்கு வர ஏன் இத்தனை தாமதம்? செயலியை இரவில் எழுதிக் காலையில் வெளியிடலாம். பேட்டரி அப்படி இல்லை. ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் கொஞ்சம் லித்தியம் பக்கவினையில் சிக்கித் திரும்பாமல் போகும். சுற்றுக்கு 99.9 விழுக்காடு மிஞ்சினாலும் ஆயிரம் சுற்று முடிவில் கையில் இருப்பது 37 விழுக்காடுதான். ஐம்பது சுற்றில் 95 இருக்கும். வரைபடத்தில் கோடு அழகாக, நேராகத் தெரியும். அந்த ஐம்பதைப் பார்த்துத்தான் நான் ஒருமுறை மயங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஆயிரமாவது சுற்றில் எவ்வளவு என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

பலன் எப்போது என்று பாராமல் கொடுத்தவரும் உண்டு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். அடிக்கல் நாட்டியது 1948இல். லித்தியம் பேட்டரி என்ற பேச்சே இல்லாத காலம். எத்தனை வருடத்தில் போட்டது திரும்பும் என்று அவர் யாரிடம் கேட்டிருப்பார்? எங்கள் தொழிலில் ஐந்து வருடம் தாண்டினால் முகம் சுருங்கிவிடும், என் முகமும் சேர்த்து.

இன்று பட்டம் வாங்கும் உங்களில் யாராவது ஒரு புது பேட்டரிச் செல்லோடு வந்தால், சோடியமோ துத்தநாகமோ, எதுவானாலும் சரி, ஆயிரமாவது சுற்றின் அளவீட்டுத் தாளைக் கொண்டுவாருங்கள். நானூறில்தான் நிற்கிறது என்றால் அதையும் கொண்டுவாருங்கள். மீதி அறுநூறுக்கு எத்தனை மாதம், எவ்வளவு செலவு என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம். காப்பி என் செலவு.