பாவமா? பழுதா?

(பள்ளத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பச்சாவத் என்னும் ஒரு விஞ்ஞானியின் வேலையைப் பற்றியதாகும். அவர் பெயரை உங்களில் அநேகர் கேட்டிருக்க மாட்டீர்கள். அவர் விபூதி கொடுக்கவில்லை, குறி சொல்லவில்லை, மடம் கட்டவில்லை. பிறகு எப்படிப் பெயர் தெரியும்?

ஒரு குழந்தை பிறக்கிறது, தவழ்கிறது, நடக்கிறது, 'அம்மா' என்கிறது. இரண்டு வயது வாக்கில் கால் தடுமாறுகிறது. பிறகு நிற்க முடிவதில்லை, பேச்சுப் போகிறது, விழுங்கவும் முடிவதில்லை. சில வருஷங்களில் செத்துப்போகிறது. இதற்குக் காரணம் சொல்ல நம் நாட்டில் ஆளுக்கா பஞ்சம்? ஜோசியர் ஜாதகத்தில் தோஷம் என்பார். பூசாரி குலதெய்வக் குற்றம் என்பார். புராணிகர் பூர்வ ஜன்ம பாவம் என்பார். மாமியாரோ, மருமகள் வந்த நேரம் என்பார். இவற்றில் ஒன்றாவது அந்தக் குழந்தையை எழுப்பி நிற்க வைத்ததுண்டா? பரிகாரச் செலவு தகப்பன் தலையிலும், பழி தாய் தலையிலும் விழுந்ததுதான் மிச்சம்.

பிமல் குமார் பச்சாவத் 1925ல் கல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். உடம்பு கொழுப்பை எரிபொருளாக்கும் வழியில் வேலை செய்யும் ஒரு என்சைமைப் பற்றி 1955ல் சகாக்களோடு சேர்ந்து எழுதினார். என்சைம் என்றால், உடம்புக்குள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றுகிற வேலைக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் நம் வேலூருக்கு வந்தார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949ல் நரம்பு வைத்தியப் பகுதியை ஆரம்பித்திருந்தார். அதில் மூளையின் ரசாயனத்தை ஆராயும் கூடத்தைப் பச்சாவத் நடத்தினார். அது மிஷன் ஆஸ்பத்திரிதான். ஆனாலும் அந்தக் கூடத்தில் பதில் சொன்னது சோதனைக் குழாயே.

மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல, நரம்புக்கு மேலே கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. அதிலே கந்தகம் சேர்ந்த ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. பழைய கொழுப்பு கழிந்து புதியது வந்துகொண்டே இருக்கவேண்டும். கழிக்கிற வேலைக்காரன் 'அரில்சல்பேட்டேஸ் ஏ' என்னும் என்சைம். அவன் வேலைக்கு வராவிட்டால் கழிவு தேங்கி உறையே கெட்டுப் போகிறது. 1963ல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் ஆஸ்டினும், பாலசுப்பிரமணியன் முதலியோரைக் கொண்ட பச்சாவத்தின் வேலூர்க் குழுவினரும் சேர்ந்து இத்தகைய வியாதிகளில் என்சைம்களை அளந்து எழுதினார்கள். நாம் சொன்ன வியாதியில் குறைந்திருப்பது இந்த வேலைக்காரன்தான் என்பது அக்காலத்து ஆராய்ச்சிகளால் நிலைபெற்றது. பாவத்தை யாரும் அளந்ததில்லை, பழுதை அளந்துவிட்டார்கள்!

அந்தப் பழுது எப்படி வருகிறது? தாயிடமிருந்து ஒரு கூறு, தகப்பனிடமிருந்து ஒரு கூறு, இரண்டும் கெட்டதாக வந்து சேர்ந்தால்தான் வியாதி. ஒன்று மட்டும் கெட்டிருப்பவர் சுகமாகவே இருப்பார், அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 4ல் 1 பங்கு ஆபத்து. ஆகவே மருமகளை மட்டும் பழிப்பது அக்கிரமமாகும்.

செட்டிநாட்டு மக்களை இங்கேதான் யோசிக்கச் சொல்லுகிறோம். நகரத்தாரில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாக மணப்பதில்லை. நல்லது. ஆனால் அத்தை மகனும் மாமன் மகளும் வேறு கோயில் என்பதால் இரத்தம் வேறாகிவிடுமா? அவர்களுக்குள் 8ல் 1 பங்கு பொது. தமிழ்நாட்டில் மற்ற ஜாதிகள் பலவற்றில் வழங்குகிற மாமன், அக்காள் மகள் மணத்திலோ 4ல் 1 பங்கு பொது. பொதுப் பங்கு கூடக்கூட, ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கும் ஆபத்தும் கூடுகிறது.

"என் பாட்டனார் மாமன் மகளைத்தான் கட்டினார், எங்களுக்கு என்ன கெட்டுவிட்டது?" என்பீர்கள். மெய்தான். சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் சுகமாகவே இருக்கிறார்கள். ஆனால் தப்பியவன் வந்து சாட்சி சொல்லுகிறான். செத்த குழந்தை யாரிடம் வந்து சாட்சி சொல்லும்?

பச்சாவத்துக்கு 1962ல் பட்நாகர் பரிசும் 1990ல் பத்மபூஷணும் கிடைத்தன. பின்னாளில் கல்கத்தாவிலும் டில்லியிலும் வேலை செய்தார். மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்து நோயாளிக்குக் கொடுக்கும் முறையிலும் உழைத்தார். 1996ல் காலமானார். அவருடைய வேலை நிற்கவில்லை. கெட்ட கூறுக்குப் பதில் நல்ல கூறைச் சேர்க்கும் சிகிச்சையை இந்த வியாதிக்கு ஐரோப்பாவில் 2020லும் அமெரிக்காவில் 2024லும் அங்கீகரித்தார்கள். விலை மிக அதிகம். வியாதி தலைகாட்டுமுன் கொடுத்தால்தான் பெரும்பலன். ஆகையால் முன்கூட்டி அறிவதே நமக்கு வழி.

பத்துப் பொருத்தம் பார்க்கிற நீங்கள், நெருங்கிய சொந்தத்தில் சம்பந்தம் பேசுமுன்னும், குடும்பத்தில் இப்படிக் குழந்தை இறந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கு முன்னும், வைத்தியரிடம் ஒரு தரம் கேளுங்கள். குழந்தையை இழந்த தாயைப் பாவி என்று சொல்லுவதை இன்றோடு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.