தராசு முள் எங்கே நிற்கிறது?
(கடுகண்ணாவையில் ஆற்றிய உரை)



கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் றெயில் வண்டி உங்கள் ஊர் ஏற்றத்தில் வேகம் குறைந்துதான் வருகிறது. அதைக் கண்டு வண்டி பின்னோக்கி உருள்கிறது என்று கூவுபவனைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். ஏற்றமே இல்லை, எல்லாம் சமதரை என்று சாதிக்கும் சாரதியைக் கண்டாலோ அஞ்சுவீர்கள். 2025 மே 6ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பொருள் கூறியவர்களும் இவ்விரு வகையினரே. அரசாங்கம் வீழ்ந்துவிட்டது என்றது ஒரு சாரார். ஒன்றுமே குறையவில்லை என்றது மறு சாரார். நாம் கூச்சலை விடுத்துக் கணக்கைப் பார்ப்போம்.

2024 நவம்பர் மாதப் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பெற்ற வாக்குகள் 68 இலட்சத்துக்கு மேல்; நூற்றுக்கு 61. இடங்கள் 225இல் 159. ஆறே மாதங்களில் அதே கட்சி பெற்றது 45 இலட்சம், நூற்றுக்கு 43. ஏறத்தாழ 23 இலட்சம் வாக்குகள் கைநழுவின. இது சிறு குறைவன்று. ஆயினும் நழுவிய வாக்குகள் எங்கே போயின? பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி 19 இலட்சத்து 68 ஆயிரத்திலிருந்து 22 இலட்சத்து 58 ஆயிரத்துக்கு உயர்ந்தது. அதன் ஏற்றம் மூன்று இலட்சத்தைக்கூட எட்டவில்லை. எஞ்சியவற்றில் ஒரு பகுதி பற்பல கட்சிகளிடையே சிதறிற்று. ஒரு பகுதி வாக்குச் சாவடிக்கே வராமல் வீட்டில் தங்கிற்று. ஒரு தட்டிலிருந்து இறங்கிய பாரம் மறு தட்டில் ஏறவில்லை. மக்கள் ஆட்சியை எச்சரித்தார்கள். மாற்று ஆட்சியை அவர்கள் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. இதுவே அத்தீர்ப்பின் நேர்ப்பொருள்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. உள்ளூராட்சி வாக்கு பாராளுமன்றத்தின் ஓர் ஆசனத்தையேனும் அசைப்பதில்லை. அரசியலமைப்பைத் திருத்த வேண்டுவது 150; மே மாதத்துக்கு முன்னும் 159, பின்னும் 159. இவ்வேறுபாட்டை மறந்தவர்கள் பட்ட பாட்டை நாம் 2018இல் கண்டோம். அவ்வாண்டு பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவை முன்னிறுத்திய பொதுசன பெரமுன பெருவெற்றி பெற்றது. அக்டோபர் 26ஆந் திகதி ஜனாதிபதி சிறிசேன அவரைப் பிரதம மந்திரியாக்கினார். ஊர் மன்றங்களில் கிட்டிய வெற்றி பாராளுமன்றத்திலும் ஆட்களைக் கொணரும் என்று எண்ணினர் போலும்! 113 அங்கத்தவரை அவர்களால் காட்ட முடியவில்லை. பாராளுமன்றத்தைக் கலைத்தனர், உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் ரணில் விக்கிரமசிங்கவுக்கு நம்பிக்கை தெரிவித்த வாக்குகள் 117. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகள் இல்லாதிருந்தால் அத்தொகை 113ஐத் தொட்டிராது.

அப்படியானால் தராசு முள் நம் கையில் இருந்ததல்லவா, அதனால் நாம் பெற்றதென்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட 1960க்குப் போகவேண்டும்.

அவ்வாண்டு மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 இடங்கள். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46. தமிழரசுக் கட்சிக்கு 15. எவர்க்கும் பெரும்பான்மையில்லை. டட்லி சேனநாயக்கா மந்திரிசபை அமைத்தார். தமிழரசுக் கட்சி அவரிடம் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, தோட்டத் தமிழரின் பிரசாவுரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது. உடன்பாடு எட்டவில்லை. ஏப்ரல் 22ஆந் திகதி சிம்மாசனப் பிரசங்கம் வாக்குக்கு விடப்பட்டபோது ஆதரவு 61, எதிர்ப்பு 86. மந்திரிசபை கவிழ்ந்தது. பதினைவர் ஓர் ஆட்சியின் விதியை முடிவு செய்தனர்.

ஆனால், தோழர்களே, பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். ஜூலையில் மறு தேர்தல். சுதந்திரக் கட்சி 75 இடங்களைப் பிடித்தது. ஐக்கிய தேசியக் கட்சி, அதனிலும் அதிக வாக்குகளைப் பெற்றும், 30 இடங்களோடு நின்றது. வாக்கு வேறு, ஆசனம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தமிழரசுக் கட்சி 16 ஆக வளர்ந்தது. வளர்ந்தும் என்ன? மார்ச்சில் 15 பேர் இல்லாமல் ஆள முடியவில்லை; ஜூலையில் 16 பேர் இருந்தும் அவர்கள் தேவைப்படவில்லை! 1961 ஜனவரியில் சிங்களம் மட்டும் சட்டம் முழு நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரியில் வடக்கு கிழக்கில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று.

ஆகவே தராசு முள் என்பது நமது பலம் மட்டுமன்று. இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாய் நிற்கும் வரை கிடைக்கும் இரவல் பலம். தட்டு ஒருபுறம் தாழ்ந்ததும் அது மறைந்துவிடும். அந்தச் சிறு பொழுதில் பெறுவதைச் சட்டமாக எழுதிப் பெறாதவன் வாக்குறுதியோடு வீடு திரும்புவான்.

தராசில் ஏறவே இடமில்லாதவர் கதி இன்னும் கொடிது. 1947இல் நாவலப்பிட்டியில் இராசலிங்கம், தலவாக்கலையில் வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் தொண்டைமான் என மலைநாடு தன் பிரதிநிதிகளை அனுப்பிற்று. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952இல் அத்தொகுதிகளில் நம் தோட்டத்து மக்களுக்கு வாக்கில்லை. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 இலட்சம் பேர் இங்கே, ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் என்று மனிதரைப் பங்கிட்டனர். அந்த மனிதரை எவரும் கேட்கவில்லை. டிசம்பர் 3ஆந் திகதி அந்த அரசாங்கம் 74க்கு 73 என்று ஒரே வாக்கினால் தோற்றது! பாராளுமன்றத்தில் ஒரு வாக்குக்கு அத்துணை மதிப்பிருந்த காலத்தில், ஒன்பதே முக்கால் இலட்சம் மக்களின் கருத்துக்கு மதிப்பே இருக்கவில்லை. பறித்த உரிமை முழுமையாய் மீள 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு இன்றைய நிலைக்கு வருவோம். 159 பேருள்ள பாராளுமன்றத்தில் எந்தச் சிறு கட்சிக்கும் முள் இல்லை. உண்டென்று மேடையில் சொல்பவர் நம்மை ஏமாற்றுகிறார். ஆனால் ஊர் மன்றங்களில் உண்டு. கொழும்பு மாநகர சபையில் ஆளுங்கட்சிக்கு 117இல் 48 இடங்களே கிடைத்தன. ஏனையோர் ஆதரவும் சேர்ந்த பின்னரே 61க்கு 54 என்று மேயர் பதவி அதற்குக் கிட்டியது. எந்தக் கட்சிக்கும் பாதிக்கு மேல் இடமில்லாத சபைகளில், ஒற்றை உறுப்பினரும் பேரம் பேசலாம். அந்தப் பேரம் தவிசாளர் நாற்காலிக்காகவா, லயத்துக்குச் செல்லும் பாதைக்கும் குடிநீர்க் குழாய்க்குமாகவா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இடையிலே ஒரு தட்டு வெறுமையாய்க் கிடக்கிறது. நமது மத்திய மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது. 2018இல் அதன் ஆயுள் முடிந்தது. 2025இல் ஊர் மன்றங்களுக்கு வாக்களித்தபோதும் மாகாண சபைக்கு வாக்களிக்க வழியில்லை. எதிர்க்கட்சிகள் ஆண்ட காலத்திலும் அது நடக்கவில்லை என்பதால், இக்குற்றத்தில் எல்லோருக்கும் பங்குண்டு. பாராளுமன்றத்தில் ஒரு கட்சி மேலோங்கி நிற்கும் வேளையில், மக்கள் தம் எடையைக் காட்டும் களங்களுள் ஒன்று மூடிக்கிடப்பது சிறு விடயமன்று.

நாம் செய்யவேண்டியன மூன்று. வாக்காளர் இடாப்பில் ஒவ்வொரு லயத்திலும் விடுபட்ட பெயரைத் தேடிச் சேர்த்தல். மாகாண சபைத் தேர்தலை எல்லாக் கட்சிகளிடமும் கேட்டல். ஆதரவு தருமுன் அதன் விலையை எழுத்தில் பெறுதல். வாக்கில்லாமல் இருந்த நம் பாட்டன்மார் செய்ய முடியாத காரியங்கள் இவை. வாக்குள்ள நாம் செய்யாதிருந்தால் அவர்கள் முகத்தில் விழிக்கவும் தகுதியற்றவராவோம்.