பந்தியில் பக்கத்து இலை



உடல் எடையைக் குறைக்க வயிற்றில் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போது சின்ன ஊர்களிலும் பேசுகிறார்கள். பேச்சை எடுத்ததுமே வருகிற கேள்விகள் இரண்டு: எவ்வளவு செலவாகும், எத்தனை கிலோ குறையும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவர் மறுநாள் காலையில் எதைக் குடிப்பார், ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் எப்படி உட்காருவார், மூன்றாம் வருடம் எடை திரும்ப ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வார் என்று எவரும் கேட்பதில்லை. நான் ஓர் உணவியல் ஆலோசகர். இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சாப்பாட்டு முறை சொல்லித் தருவதும், மாதம் ஒருமுறை அவர்கள் கூடும்போது கூட உட்கார்ந்து கேட்பதும் என் வேலை. அங்கே கேட்டதை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பழியைத் துடைத்துவிட வேண்டும். வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் கத்திக்குப் போகிறார்கள் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உடம்பின் பிடிவாதம் தெரியாது. மிகவும் பருத்த ஒருவர் பட்டினி கிடந்து பத்துப் பதினைந்து கிலோ இறக்கினால், உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. போன எடை வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள். இவர்கள் எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. மிகப் பெரும்பாலோருக்கு வேண்டவே வேண்டாம். உயரத்துக்குப் பொருந்தாத அளவுக்கு எடை ஏறி, அதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும்போதுதான் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் பக்கம் அதிகம் நடப்பவை ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு முறைகள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல விட்டுவிடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியே தணிகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறு பையை ஒதுக்கி, சிறுகுடலின் தொடக்கத்தைத் தாண்டி இணைக்கிறார்கள். நேற்று முளைத்த வைத்தியம் அல்ல இது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் 1966இல் பைபாஸைத் தொடங்கினார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த நோயாளிகள் அதன்பின் இளைத்தே இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அன்று வயிற்றை நீளமாகத் திறந்தார்கள். இன்று நாலைந்து துளைகள் போதும். காலில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, கூடிய சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் நம் அடுக்களையில்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றித் தரும் சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள். விளிம்பு வரை ஊற்றினால் 30 மில்லி. முதல் சில நாட்களுக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு. தண்ணீரோ தெளிந்த ரசமோ, ஒரு கிண்ணத்தைக் கால் மணி நேரம் வைத்துச் சிறிது சிறிதாக உறிஞ்ச வேண்டும். மடக்கென்று விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் அடைக்கும். கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரை விடாமல் இப்படிக் குடித்தால்தான் ஒன்றரை லிட்டராவது உள்ளே போகும். பிறகு நீர்மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பால்; இரண்டு வாரம்போல ஆனதும் மசித்த உணவு; அதன்பின் குழைவான உணவு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் கணக்கு கொஞ்சம் மாறும், வரிசை மாறாது.

முதல் இட்லி வருகிற நாளை யாரும் மறப்பதில்லை. கால் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, குழந்தைக்கு ஊட்டும் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, வாயில் கூழாகும் வரை மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்து, பிறகுதான் அடுத்த வாய். கால் இட்லிக்கு இருபது நிமிடம் ஆகும். போதும் என்று வயிறு சொல்கிற விதமும் மாறிவிடுகிறது: சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்கில் நீர் வடியும். அதை மதிக்காமல் இன்னும் ஒரு வாய் வைத்தால் வாந்தி. வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பி1 வைட்டமின் வற்றி, மூளையையும் நரம்புகளையும் பாதித்துவிடும். அதுபோலவே படபடவென்று அடிக்கும் நாடி, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இவற்றில் எது வந்தாலும், நள்ளிரவானாலும் அறுவை செய்த இடத்துக்கே போக வேண்டும். தைத்த இடத்தில் கசிவு இருந்தாலும் இப்படித்தான் தெரியும்.

நம் சாப்பாட்டில் எனக்கு இருக்கும் பெரிய கவலை புரதம்தான். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. இட்லி, தோசை, சாதம் மூன்றும் பெரும்பாலும் மாவுச்சத்து. அதனால் தட்டில் சாதம் முதலில் விழக் கூடாது. குழம்பில் கிடக்கும் மீன் துண்டு, முட்டை, பனீர், கெட்டிப் பருப்பு, பிறகு காய், இடம் இருந்தால் இரண்டு வாய் சாதம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். சாதத்தைப் பிசைந்து, நடுநடுவே தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இது சுலபமல்ல. சத்து மாத்திரைகளோ ஆயுள் முழுக்க.

இதில் வீட்டிலிருப்பவர்கள் படுகிற வேதனை தனி. நம் வீடுகளில் அன்பைக் காட்டுவதே சோற்றால்தான். வந்தவரிடம் முதலில் கேட்பது, சாப்பிட்டாச்சா என்று. ஒரு கூட்டத்தில் மகனோடு வந்த அம்மா சொன்னார்: "கால் இட்லி ஒரு சாப்பாடா? இன்னும் ஒரு வாய் சாப்பிடுப்பான்னு சொல்லக் கூடாதுன்னா, நான் எதுக்கு இருக்கேன்?" கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு நோயாளியின் அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் வீட்டில் செய்ததைச் சொன்னார். அவர் கிண்ணத்தையும் கடிகாரத்தையும் தன் கையில் எடுத்துக்கொண்டாராம். கால் மணிக்கு ஒரு தரம் அவரே ஊற்றிக் கொடுப்பாராம். டி.வி. தொடரில் விளம்பரம் வருகிறபோதெல்லாம் ஒரு கிண்ணம். ஊட்டுகிற கைக்கு வேலை கிடைத்துவிட்டது, பிள்ளையும் நாவறண்டு போகவில்லை. எத்தனையோ முறை உணவு அட்டவணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த யோசனை எனக்குத் தோன்றியதில்லை. ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லித்தான் வந்தது.

மறைத்து வைப்பவர்கள் நிறையப் பேர், அதிலும் பெண்கள். மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. இளைத்தவரைப் பார்த்து நம் ஊரில் எடுத்த எடுப்பில் கேட்பது, "சுகரா?" என்றுதான். அதைவிட மோசமான சந்தேகங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடும். உண்மையைச் சொன்னாலும் குறுக்குவழி என்பார்கள். ஆனால் ரகசியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மூட்டு வலி என்று பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை, பைபாஸ் ஆனவருக்குக் குடலில் புண் உண்டாக்கலாம். பழைய அளவிலேயே சர்க்கரை மருந்து போட்டுக்கொண்டால், சாப்பாடு குறைந்த உடம்பில் சர்க்கரை அபாயமாக இறங்கும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், மயங்கி விழுந்தவரைப் பற்றி டாக்டரிடம் சொல்ல ஆளில்லை. ஊரெல்லாம் சொல்ல வேண்டாம், கூடவே இருக்கும் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். என்ன அறுவை, எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு ஒன்றும் பர்ஸில் இருக்கட்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டத் தொடங்கும். வேகமாக எடை இறங்கியதால் உடம்பு காட்டும் எதிர்வினை அது. சில மாதங்களில் நின்று மறுபடி வளரும். இதை நானும் சொல்வேன், டாக்டரும் சொல்வார். சீப்பில் கொத்தாக முடியைப் பார்க்கிறவருக்கு எங்கள் வார்த்தை காதில் ஏறாது. ஒருநாள் இளம்பெண் ஒருத்தி துப்பட்டாவால் தலையை மூடியபடி வந்து உட்கார்ந்தாள். எதிரே இருந்த அக்கா எழுந்து வந்து, தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, "தொட்டுப் பாரும்மா. எனக்கும் உச்சந்தலை தெரிஞ்சுது. ஒட்டு முடி இல்ல, இழுத்துப் பாரு" என்றார். அந்தப் பெண் நிஜமாகவே இழுத்துப் பார்த்தாள். கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருகிறவர்கள் வராதவர்களைவிட நன்றாகவே எடை குறைக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அக்கறை உள்ளவர்கள்தானே தேடி வருவார்கள் என்று அதற்கு மறுப்பும் சொல்லலாம். எனக்கு அந்தப் பின்னலைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

கல்யாண வீடுகள் பெரிய சோதனை. இலையில் முதலில் விழுவதே இனிப்பு. பைபாஸ் ஆனவர் லட்டை ஆசைக்கு முழுதாகச் சாப்பிட்டால், சர்க்கரை ஒரே பாய்ச்சலில் குடலுக்குள் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, தலை சுற்றிப் படுக்க வேண்டியதாகிவிடும். இந்தப் பக்கம் பரிமாறுகிறவர் கரண்டியோடு நிற்பார்; அந்தப் பக்கம் இலையில் மிச்சம் வைத்தால் பெண் வீட்டாருக்கு மரியாதையில்லை. கூட்டத்தில் இதற்கு ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓர் இளைஞர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய், சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு பரிமாறுகிறவராகிவிடுவார். இன்னொருவருக்கு அவர் தங்கை துணை. பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அண்ணன் இலையில் விழுவதைச் சத்தமில்லாமல் தன் இலைக்கு மாற்றிக்கொள்வாள். "அண்ணனுக்குப் போதும், எனக்கு வைங்க" என்று அவளே சொல்லிவிடுவாள். நூறு அறிவுரைகளைவிட அப்படி ஒரு தங்கை மேல்.

முதல் வருடம் எல்லோரும் கைதட்டுவார்கள். பழைய சட்டை தொளதொளக்கும், படியேறினால் மூச்சு வாங்காது, பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காரலாம். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் துணை அதிகம் தேவைப்படுகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. செய்துகொள்ளாதவர்களைவிட அவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007இல் வெளியிட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஓரிரு வருடத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டு, அதன்பின் ஓரளவு ஏறி, பிறகுதான் நிலைக்கிறது. அதாவது ஐந்தாறு கிலோ ஏறுவது சிகிச்சை தோற்றதற்கு அடையாளமல்ல. இதைத் தெரியாதவர், 'இவ்வளவு செலவு செய்தும் கெடுத்துக்கொண்டேனே' என்று குன்றிப்போய், செக்கப்புக்கும் வராமல், கூட்டத்துக்கும் வராமல் ஒதுங்கிவிடுகிறார். அப்படி ஒதுங்கினவருக்கு நாங்கள் போன் செய்வதைவிட, கூட்டத்தில் பழகியவர் யாராவது போன் செய்தால் வந்துவிடுவார்.

மனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலருக்குச் சாப்பாடுதான் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டில் சண்டையா, ஒரு பொட்டலம் மிக்சர். அந்தக் கதவு திடீரென்று மூடிக்கொள்ளும்போது, துக்கம் வேறு கதவைத் தேடும். சிலர் மதுவுக்குப் போகிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு மது முன்னைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கமும் சீக்கிரம் பிடிக்கும். கண்ணாடியில் தொங்கும் தோலைப் பார்த்து வெறுத்துப்போகிறவர்களும், இளைத்தும் சந்தோஷம் வரவில்லையே என்று தவிக்கிறவர்களும் உண்டு. வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு தலைகாட்டினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் சேவை இருக்கிறது. கட்டணமில்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

எங்கள் ஊரில் இப்படிக் கூட்டம் எதுவும் இல்லையே என்பவர்களுக்கு: அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், உங்களிடம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆன ஒருவரோடு பேச முடியுமா என்று. அந்தச் சந்திப்புக்கு, வீட்டில் சமைக்கிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிகிச்சை முடிந்து வருடங்கள் கடந்தவர்கள் இருப்பீர்கள். புதிதாக வருகிறவரோடு பேசத் தயார் என்று உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லி, போன் நம்பரைக் கொடுத்துவையுங்கள். நான் படித்தவன் இல்லையே, என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். தயிர்சாதம் எப்போது சாப்பிட்டீர்கள், பெரிய மாத்திரையை எப்படி விழுங்கினீர்கள், வேலைக்கு எந்த வாரம் திரும்பினீர்கள், சொந்தக்காரர்கள் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்றுதான் அவர்கள் கேட்பார்கள்.