கிட்டப்பா எத்தனை கட்டையில பாடினார்?

இப்ப என் கையில இருக்கிறது எஸ்.ஜி. கிட்டப்பாவோட 78 ஆர்பிஎம் இசைத்தட்டு. ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம்தான் ஓடும். அரக்குல செஞ்சது, கை தவறினா அப்பளமா நொறுங்கிடும். ஒண்ணு என் கையாலயே போச்சு, அதைப் பத்தி இப்ப வேணாம்.

நாடக மேடையில கொடிகட்டிப் பறந்தவர், 1933-ல 27 வயசுல இறந்துட்டார். அந்தக் குரலுக்கு மிச்சம் இருக்கிற சாட்சி இந்தத் தட்டுகள்தான்.

'யூடியூப்ல இருக்கே'ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா 78-னு பேர் இருந்தாலும், அந்தக் காலத்து ரெக்கார்டு எல்லாமே சரியா அதே வேகத்துல பதிவானதில்லை. நிமிஷத்துக்கு நாலஞ்சு சுத்து கூடினாலே சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிடும். உச்சஸ்தாயிக்கே பேர்போனவர் விஷயத்துல இது சின்னத் தப்பா? போதாததுக்கு, இரைச்சலை எடுக்கிறேன்னு குரலையும் சேர்த்து வழிச்சுடறாங்க.

உரிமைப் பிரச்சினையும் இல்லை. நம்ம சட்டப்படி ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை 60 வருஷம். அது எப்பவோ முடிஞ்சாச்சு. கீறல் குறைவான தட்டு, அதுக்கேத்த தடிமனான ஊசி, சுருதி தெரிஞ்ச ஒரு இன்ஜினீயர், இவ்வளவுதான் வேணும். யாராவது மறுவெளியீடு செய்ய வந்தா என்கிட்ட இருக்கிற எல்லாத் தட்டையும் தர்றேன். ஸ்டுடியோவுக்குத் தூக்கிட்டு வர்றது மட்டும் வேற யாராவது செய்யுங்க.